வெள்ளை மேல் விழுந்த வெள்ளை

எங்கள் வாகன பெயிண்டர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுச் செயலாளரும் பொருளாளரும் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் போனதும் போன வருட மலரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். அதில் விளம்பரம் முப்பத்தொன்பது, நிர்வாகிகள் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் படங்கள் பதினான்கு, காலிப் பக்கம் ஒன்று. மீதிப் பத்தில்தான் படிக்க ஏதோ இருந்தது. என் கட்டுரைக்கு நடுவில் தின்னர் கடை விளம்பரம் வரக் கூடாது என்று போன் செய்து சொன்னேன். கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். வரும் என்று அர்த்தம்.

இப்போது புதுக் கார் வாங்கியவுடன் அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை ஒட்டிவிடுகிறார்கள். மேலே என்ன விழுந்தாலும் படலத்தை உரித்துப் போட்டால் தீர்ந்தது. இதெல்லாம் வருவதற்கு முன்னால் ஓவர்ஸ்பிரேயை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார் செயலாளர், ஏதோ நான் கல்லை உரசி நெருப்பு மூட்டிய காலத்து ஆள் போல. நான் வேலையை விட்டு நின்று மூன்று தீபாவளிதான் ஆகிறது.

மலரைத் தொழிலில் இல்லாதவர்களும் புரட்டுவார்கள், விளம்பரத்தில் தங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயிண்ட் கன்னிலிருந்து கிளம்புகிற பெயிண்ட் எல்லாம் அடிக்கிற வண்டியில் போய் உட்காராது. ஒரு பங்கு புகை போல எழுந்து, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போய், சம்பந்தமே இல்லாத இன்னொரு வண்டியின் மேல் பொடிப்பொடியாக இறங்கும். அதுதான் ஓவர்ஸ்பிரே. என் முதலாளி யூசுப் பாய் அதைத் தூவானம் என்பார். ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் படுமே, அந்தத் தூவானம்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். அரசு வேலைக்கு எழுதிய தேர்வுகள் பதினொன்று. பதினொன்றாவது தேர்வு எழுதிவிட்டு வந்த வாரம், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருந்த யூசுப் பாயின் பெயிண்ட் பட்டறையில் பில் எழுதச் சேர்ந்தேன். ஒருநாள் ஆள் வரவில்லை, இந்தக் கதவைக் கொஞ்சம் தேய் என்றார். தேய்த்தேன். அதற்குப் பிறகு பில் எழுத வேறு ஆள் வந்துவிட்டான். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பட்டறையில் என் பெயர் பி.எஸ்ஸி. என்று நிலைத்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, உள்ளே அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டவர்கள் நான்கு பேர்.

யூசுப் பாயைப் பற்றி எழுத வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லும் அவரிடம் கிடையாது. எதற்கும் "பார்ப்போம்" என்பார். அந்தப் பார்ப்போமில் ஏழு வகை உண்டு என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். இழுத்துச் சொன்னால் நாளைக்கு முடியும். சட்டென்று சொன்னால் நாளைக்கு முடியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார். மற்ற நான்கும் குடும்ப விஷயம் தொடர்பானவை என்பதால் இங்கே வேண்டாம்.

தூவானம் விழுந்த வண்டி வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி எங்கே நின்னுச்சு?" யார் செய்தது, எப்படி ஆனது என்று கேட்கவே மாட்டார். லாரி பாடி கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது என்றால் அது ஒரு பெயிண்ட். ஈரமாகவே வந்து ஒட்டி, இறுகிப் பிடித்திருக்கும். வீட்டுச் சுவருக்கு மெஷின் வைத்து அடித்தார்கள் என்றால் வெந்நீரும் பொறுமையும் போதும். சீக்கிரம் காயும் பெயிண்ட் என்றால் காற்றில் வரும்போதே பாதி காய்ந்து, நறநறவென்று மணலாக வந்து உட்காரும்.

அடுத்ததாகக் கண்ணை மூடிக்கொள்வார். ஸ்வீட் கடையில் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கழுவிய காரின் மேல் மெதுவாகத் தடவுவார். வெறும் கைக்கு வழவழப்பாக இருக்கிற இடம், கவர் வழியாகத் தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஏன் அப்படி என்று நான் படித்த வேதியியலை வைத்து நிறைய யோசித்திருக்கிறேன், பிடிபடவில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்த் தங்கள் வண்டியைத் தடவிப் பார்க்கலாம். ஆனால் பிறகு என்னைத் திட்டக் கூடாது. தடவுகிற வரைக்கும் அது நல்ல வண்டியாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் பங்கும் ஒன்று உண்டு. ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். அதைக் காரின் மேல் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் புள்ளிகளை எண்ணுவேன். இருபதுக்குள் இருந்தால் கிளே மட்டும் போதும். அதற்கு மேல் போனால் பாலிஷும் வேண்டும். நூறைத் தாண்டினால் டீ குடித்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம். நான் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது பாய் பின்னால் வந்து நிற்பார். "எண்ணி முடிச்சிட்டியா பி.எஸ்ஸி.? இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்கா?"

கிளே என்பது பிள்ளைகள் பிசைந்து விளையாடும் களி போன்ற ஒரு கட்டி. உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகத் தட்டி, காரின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. தோசை வார்க்கிறீர்களா என்று பாய் கேட்பார். அமுக்கவும் கூடாது. முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு சத்தம் குறையும், பிறகு கட்டி வெண்ணெய் மேல் போவது போல வழுக்கும். அப்போது நிறுத்த வேண்டும். கட்டியை மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். தரையில் விழுந்த கட்டியை மறுபடி எடுக்கவே கூடாது. ஒரு மணல் ஒட்டியிருந்தால் போதும், பத்துத் தலைமுறைக்கும் அழியாத கோடு விழும். என் சர்வீஸில் கீழே விழுந்த கட்டியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்கப் போனவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக் கத்தியிருக்கிறேன். என் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பெயிண்டைக் கரைக்கிற தின்னரைத் தொடவே கூடாது. அது விழுந்த பெயிண்டையும் எடுக்கும், கம்பெனி பெயிண்டையும் எடுக்கும், தன் வேலையை நன்றாகத்தான் செய்யும். மலரில் விளம்பரம் கொடுக்கும் தின்னர் கடைக்காரர் மன்னிக்க வேண்டும்.

எல்லா வண்டியும் கண்ணீரோடு வந்ததில்லை. ஓமலூரில் ஒருவர் வீட்டு கேட்டுக்குத் தானே வெள்ளி நிற பெயிண்ட் அடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற தன் கறுப்புக் காரை மறந்துபோனார். கார் பூராவும் வெள்ளிப் புள்ளி. நாங்கள் இடது பக்கம் முழுவதும் எடுத்து முடித்திருந்தோம். பார்க்க வந்தவர் இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தார். பிறகு பாயைத் தனியே கூப்பிட்டு, வெயிலில் பார்த்தால் அந்தப் பக்கம்தான் நன்றாக மினுக்குகிறது, எடுத்த பக்கத்திலும் திருப்பிக் கொஞ்சம் தெளித்துவிட முடியுமா என்று கேட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. என் ஏழு வகைக் கணக்கு தப்பிப்போன ஒரே சந்தர்ப்பம் அது.

இனி வெண்ணந்தூர் டாக்டரம்மா கார்.

டாக்டரம்மா என்றால் கோழி டாக்டர். நிவேதா என்று பெயர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை. பண்ணைகளுக்குப் போய்வரத் தன் சம்பளத்தில் ஒரு வெள்ளைக் கார் எடுத்தாள். அப்பா முத்துசாமி வெண்ணந்தூர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர். அவருடைய முட்டை வண்டிகள் எங்களிடம்தான் பெயிண்டுக்கு வரும். பெண்ணுக்கு நாமக்கல் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, வைகாசிக் கடைசி முகூர்த்தம் வைத்திருந்தார்கள். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில்.

முதல்நாள் காலையிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து, அந்தக் காரை மண்டபத்தின் மேற்குச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டார்கள். வைகாசி முடிகிற காலம் எங்கள் பக்கத்தில் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று தொடங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் காலி இடம். அங்கே ஒருவர் கம்பிரசரை வைத்துக்கொண்டு ஒரு முட்டை வண்டியின் பெட்டிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளைக் கார் மேல் வெள்ளைப் பொடி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்துக்கு வந்த அத்தனை பேரும் காரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், மாப்பிள்ளையின் பெரியப்பா வருகிற வரைக்கும்.

அவர் பெயர் செங்கோட்டுவேல். பழைய லாரி வாங்கி விற்கிற புரோக்கர். மாப்பிள்ளையின் அப்பா பேசாத மனிதர், வீட்டில் எல்லாம் அண்ணன் சொல்தான். செங்கோட்டுவேல் மதியத்துக்கு மேல் மாதுளை நிறக் காரில் வந்து இறங்கினார். டாக்டரம்மா காருக்குப் பக்கத்திலேயே தன் காரை நிறுத்தினார். நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியைக் கடந்து போனாலும், கதவுக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பரில் ஒரு விரலை ஓட்டிவிட்டுத்தான் போவார்கள். ரப்பரில் பெயிண்ட் பொடி சொரசொரத்தால் அது அடிபட்டு, பட்டறைக்குப் போய், பெயிண்ட் அடித்து வந்த வண்டி. இந்த ஒரு விரலை வைத்தே பிழைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். செங்கோட்டுவேலின் விரலும் தன்பாட்டுக்கு ரப்பரில் ஓடியது, நின்றது, திரும்பி ஓடியது.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் குரலைத் தாழ்த்தி மூன்றே பேரிடம் சொன்னார்: புது வண்டி என்று சொன்னார்கள், இது அடிபட்ட வண்டி. டிபன் பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வண்டி விஷயத்திலேயே பொய் என்றால் பெண்ணின் படிப்பு, வயது எல்லாம் எப்படியோ என்று யாரோ ஒரு அம்மாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாளாம். ராத்திரிச் சடங்கு தொடங்குவதற்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று செங்கோட்டுவேல் சொல்லியனுப்பினார். அதற்கு நிவேதாவும் பதில் சொல்லியனுப்பினாள். எங்க அப்பா பொய்யர் என்று நினைக்கிற வீட்டுக்கு நான் வாழ வரவில்லை, சொன்னவர் சொன்னது தப்பு என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு சடங்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

முத்துசாமி பாய்க்குப் போன் செய்தார். போனில் ரப்பர், பொடி என்று இரண்டு வார்த்தைதான் வந்தது, மீதியெல்லாம் மூச்சு என்று பாய் பிறகு சொன்னார். "வண்டி எங்கே நிக்குதுங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆம்னி வண்டியில் கிளே, சோப்பு, துணி எல்லாம் போடச் சொன்னார். துணி இருபத்திரண்டு எடுத்துக்கொண்டேன். வழியில் ராசிபுரம் தாண்டியதும் எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று இருந்தது. அந்த ஒரு துணி எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முத்துசாமி புது வேட்டி சட்டையோடு காருக்குப் பக்கத்தில் காவல்காரர் போல நின்றார். உள்ளே போனால் சாப்பிடச் சொல்வார்கள், சாப்பாடு இறங்காது என்றார். பாய் காரைத் தொடவில்லை. சுவரோரம் கிடந்த செங்கல்லின் மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இறங்கி வந்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

நேராகச் செங்கோட்டுவேலிடம் போய், சுவருக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கிறார்கள், காற்றில் வந்து விழுந்த பொடி இது, வண்டி புதுசுதான் என்று மரியாதையாகச் சொன்னார். செங்கோட்டுவேல் சிரித்தார். கெட்ட மனிதரின் சிரிப்பு இல்லை, அதுதான் சிக்கல்.

"ஏனுங்க பாய், நீங்களும் தொழில்காரர், நானும் தொழில்காரன். அடிபட்ட வண்டியை விக்கறவன் அத்தனை பேரும் இதையேதான் சொல்லுவான், பக்கத்துல பெயிண்ட் அடிச்சாங்கன்னு. நானே சொல்லித்தானுங்க ஏழெட்டு வண்டி வித்திருக்கேன்."

ஷோரூம் காகிதம் இருக்கிறது, பார்க்கலாம் என்றார் முத்துசாமி. கொண்டுவரும் வழியிலேயே இடித்துவிட்டு, பெயிண்ட் அடித்துப் புதுசென்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், காகிதம் என்ன செய்யும் என்றார் செங்கோட்டுவேல். நான் குறுக்கே புகுந்து, இப்போதே கிளே போட்டு எடுத்துக் காட்டுகிறேன், உள்ளே கம்பெனி பெயிண்ட் பளபளவென்று இருக்கும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொடச்சுப்போட்டா அப்பறம் என்னத்தைங்க பாக்கறது? சாட்சியையே தொடச்ச மாதிரி ஆயிருமே."

கையில் எடுத்த கிளே கட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். துடைத்தால் சாட்சி போச்சு, துடைக்காவிட்டால் கல்யாணம் போச்சு. உண்மையைச் சொன்னாலோ, அது ஊரிலுள்ள அத்தனை பொய்யர்களும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியமாக இருக்கிறது.

பாய் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பார்ப்போம்" என்று இழுத்தார். என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்: "அந்தாளு காலையில அடிச்ச முதல் கோட்டைக் காய விட்டுட்டு டீ குடிக்கிறாரு. ரெண்டாவது கோட்டுக்குக் கலக்கி வச்சிருக்காரு."

ஓடிப்போய் நிறுத்தச் சொல்லட்டுமா என்று நான் பதறினேன். டாக்டரம்மா கார் மேல் இன்னொரு முறையும் விழுந்தால் யார் எடுப்பது? அட்டையைக் கதவுக் கண்ணாடி மேல் வைத்து எண்ணியதில் தீப்பெட்டி ஓட்டைக்குள் ஏற்கனவே முப்பத்தெட்டு இருந்தது.

"டாக்டரம்மா வண்டி மேல விழுந்தா நீ எடுப்பே," என்றார் பாய். "பக்கத்து வண்டி மேலயும் விழட்டும்."

அப்போதுதான் மாதுளை நிறக் காரைப் பார்த்தேன். அது சுத்தமாக, மெழுகு போட்டு, சாயங்கால வெயிலைத் திருப்பியடித்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. செங்கோட்டுவேல் காரை எடுத்துவிடக் கூடாது. காற்று திரும்பிவிடக் கூடாது. அந்தப் பெயிண்டர் இன்னொரு டீ குடிக்கக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று கவலை. கைக்குட்டையைப் பிடித்துக் காற்று பார்த்தபடியே நின்றேன். பாயோ இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காருக்கு எதிரில் போட்டுவிட்டு, ஏங்க, பழைய பத்துச் சக்கர லாரிக்கு இப்போது என்ன மதிப்பு என்று செங்கோட்டுவேலிடம் கேட்டார். வாழ்க்கையில் ஒரு லாரிகூட வாங்காத மனிதர். லாரி புரோக்கரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் எங்கே எழுந்து போவார்? என்ஜினில் தொடங்கி டயர் வழியாக பாடிக்கு வந்துகொண்டிருந்தார். பாய் ஒவ்வொன்றுக்கும் அப்படிங்களா, அப்படிங்களா என்று தலையாட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கம்பிரசர் டபடபவென்று கிளம்பியது. உஸ்ஸென்று கன் சத்தம். கைக்குட்டை என் கையை விட்டுக் கிழக்கே பறந்தது. அதை எடுக்கப் போகவில்லை, எங்கேயும் அசையாமல் நின்றேன்.

சத்தம் நின்றதும் பாய் மெல்ல எழுந்தார். பேச்சு கேட்கக் கூடியிருந்த ஆறேழு பேரைப் பார்த்து, லாரி வாங்கப் போனால் ரப்பரை எப்படித் தடவிப் பார்ப்பது என்று அண்ணன் ஒருதரம் காட்டினால் நாங்களும் கற்றுக்கொள்வோம் என்றார். செங்கோட்டுவேலுக்கு மகிழ்ச்சி. எழுந்து டாக்டரம்மா காருக்குப் போனார்.

"இந்த வண்டி வேண்டாங்க, இதைத்தான் பாத்தாச்சே," என்றார் பாய். "நல்ல வண்டி எப்படி இருக்கும்னு உங்க வண்டியில காட்டுங்க."

செங்கோட்டுவேல் தன் காரின் ரப்பரில் விரலை வைத்தார். விரல் ஓடியது, நின்றது. மறுபடி ஓட்டினார். விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது. குனிந்து கதவைப் பார்த்தார். மாதுளை நிறத்தில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. பானெட் பூராவும். எனக்கு எண்ண வேண்டும் போலக் கை பரபரத்தது, அட்டையை எடுக்கவில்லை. சமயம் சரியில்லை.

மண்டபப் படியிலிருந்து நிவேதா இறங்கி வந்தாள். தலையில் பூ பாதிதான் வைத்து முடித்திருந்தார்கள், மீதிச் சரம் தோளில் தொங்கியது. நேராக வந்து மாதுளைக் காரைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள்.

"மாமா, உங்க வண்டி எப்பங்க அடிபட்டுது?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பா. அந்தப் பேசாத மனிதர். அண்ணன் முன்னால் அவர் வாய் விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். செங்கோட்டுவேல் சுவரைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். லாரி விலை எதற்குக் கேட்கப்பட்டது என்று அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. தொழில்காரர் அல்லவா?

"பாய்," என்றார் மெதுவாக, "நீங்க புரோக்கரா வந்திருந்தா நாங்கெல்லாம் சோத்துக்கு எங்கீங்க போறது?"

பிறகு வேலை. மாதுளைக் காரில் விழுந்தது புதுப் பொடி. நிறையத் தண்ணீர் ஊற்றி, சோப்புத் துணியால் மெல்லத் தள்ளினாலே போய்விடும். ஆனால் முதலில் டாக்டரம்மா கார் என்று பாய் சொல்லிவிட்டார். அதில் காலையில் விழுந்தது பிடித்துக்கொண்டிருந்தது. நான் கதவின் அடிப்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் கிளே போட்டுப் பார்த்தேன். கரகரவென்றது, பிறகு வழுக்கியது. கம்பெனி பெயிண்ட் சிறு கீறலும் இல்லாமல் வந்தது. செங்கோட்டுவேல் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கட்டியைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். நேர்கோட்டில் இழுக்கச் சொன்னேன். இரண்டு இழுப்பில் அவருக்குக் கை வந்துவிட்டது. சத்தம் அடங்கி வழுக்குகிற அந்த இடம் வந்ததும் ஆஹா என்றார். அந்த ஆஹாவைக் கேட்டு மாப்பிள்ளையின் மச்சான் ஒருவன் எனக்கொன்று என்றான். அப்புறம் இன்னொருவர். கொண்டுபோன கட்டியை எட்டுத் துண்டாக்கினேன். எட்டுப் பட்டு வேட்டிகளும் மடித்துக் கட்டப்பட்டு, எட்டுப் பேரும் கார் மேல் சாய்ந்து கிடந்தார்கள். நான் சுற்றிச் சுற்றி வந்து வட்டமாகத் தேய்க்காதீர்கள், அமுக்காதீர்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். கழற்றிய மோதிரம் பதின்மூன்று. எல்லாவற்றையும் என் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அவற்றை மூன்று முறை எண்ணினேன். கட்டி இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டையும் சாக்கடையில் எறிந்துவிட்டேன்.

கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீர் விட்டு பிளேடைச் சாய்த்துச் சுரண்டினேன். ரப்பரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் நானே தேய்த்தேன்; அதை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கடைசியில் முத்துசாமி வந்து ரப்பரில் ஒரு விரல் ஓட்டிப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சடங்குக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நிவேதா நகரவில்லை.

"வண்டி சுத்தமாயிருச்சுங்க மாமா," என்றாள். "மண்டபத்துல இருக்கறது?"

செங்கோட்டுவேல் புரியாதது போலப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"மூணு பேர்த்துகிட்டத்தான் அம்மணி சொன்னேன்."

"மூணு பேரும் உள்ளதான் இருக்காங்க. அவிங்க சொன்ன மத்தவிங்களும் இருக்காங்க. எங்கப்பா இன்னும் சாப்பிடலைங்க மாமா. நீங்க சொல்லாம அவரு எலையில உக்கார மாட்டாரு, அவரு உக்காராம நான் மணையில உக்கார மாட்டேன்."

பெரிய மனிதர், வீட்டில் அத்தனை பேருக்கும் அவர் வார்த்தைதான். மேடையேறி மைக்கில் சொல்லச் சொன்னால் மறுத்திருப்பார். அவள் அதைக் கேட்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிட்டாள். அவர் ஈர வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, முத்துசாமியின் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க சம்பந்தி. நான் பந்தி விசாரிக்கோணும்."

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது பெரியவர்களின் வேலை. வரிசை வரிசையாக நடந்து, ரசம் வந்ததா, பாயசம் வந்ததா என்று ஒவ்வோர் இலையாகக் கேட்க வேண்டும். நானும் பாயும் கைகால் கழுவிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முத்துசாமியை முதல் வரிசையில் முதல் இலையில் உட்கார வைத்துவிட்டு, செங்கோட்டுவேல் அங்கிருந்து தொடங்கினார். ஒவ்வோர் இலைக்கும் குனிந்தார். சோறு போதுங்களா, பொரியல் வந்துச்சுங்களா, மருமக வண்டி புது வண்டிங்க, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன், அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. அடுத்த இலை. சோறு போதுங்களா.

சில பேர் அதற்குள் கைகழுவ எழுந்துவிட்டார்கள். அவர்கள் பின்னாலேயே குழாயடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வண்டிச் சமாச்சாரமே காதில் விழாதவர்களும் பந்தியில் இருந்தார்கள். என்ன வண்டி, என்ன ஆச்சு என்று அவர்கள் கேட்க, அவர்களுக்கு முதலிலிருந்து கதையைச் சொல்லி, பிறகு அது தப்பு என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மாதிரி ஒன்பது இலை. இட்லியைப் பிட்டுக்கொண்டு வயசைப் பற்றிப் பேசிய அம்மாளிடம் மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

நான் இலைகளை எண்ணிக்கொண்டே சாப்பிட்டேன். எங்களுக்கு முன்னால் நூற்றுப் பதினாறு இலை. கடைசியில் எங்கள் வரிசைக்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, குரல் கம்மிவிட்டது. நூற்றுப் பதினேழாவது இலை பாயுடையது. நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"சோறு போதுங்களா சாமி? மருமக வண்டி புது வண்டிங்க, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

பாய் ரசத்தைக் கையில் ஏந்தியபடி, கேட்டே இராத செய்தியைக் கேட்பவர் போலத் தலையை நிமிர்த்தினார்.

"அப்படிங்களா? நல்ல சமாச்சாரம். பக்கத்து எலைக்காரருக்கும் சொல்லிருங்க, அவருக்கு விஷயமே தெரியாது."

செங்கோட்டுவேல் என் இலைக்கு நகர்ந்து, அதே போலக் குனிந்தார்.